படியெடுத்த பெருவாழ்வு

நுழையும்முன்

பள்ளிச் சான்றிதழை நகலெடுத்து வருவது இன்று சில நொடிகளில் முடிந்துவிடும் வேலை. கைப்பேசியில் வந்த ஒரு படம் விரலசைவில் நூறு பேரைச் சென்றடைகிறது. ஒரு நூலுக்கு ஒரே ஒரு படி எடுப்பதற்கு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் உழைத்த காலமும் நம் நாட்டில் இருந்தது. அவ்வாறு எடுக்கப்பட்ட படிகள்தாம் சங்க இலக்கியங்களை நம் காலம்வரை கொண்டுவந்து சேர்த்தன. அப்படிகளைத் தேடி, ஒப்பிட்டு, பிழைநீக்கி அச்சேற்றிய உ.வே.சாமிநாதரின் வாழ்வு, படியெடுத்தல் என்னும் செயலின் ஆழ்ந்த பொருளை நமக்கு உணர்த்துகிறது.

ஏடும் எழுத்தாணியும்

அச்சுப்பொறி பரவுவதற்கு முன்னர் தமிழ்நாட்டில் நூல்கள் பனையோலையில் எழுதப்பட்டன. ஓலையைப் பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, எழுத்தாணியால் கீறி எழுதினர். கீறிய எழுத்துகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதற்காகக் கரியும் இலைச்சாறும் பூசினர். எழுதிய ஏடுகளில் துளையிட்டுக் கயிறு கோத்து, மரச்சட்டங்களுக்கு இடையே வைத்துக் கட்டினர். இக்கட்டே சுவடி எனப்பட்டது.

நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை நெடுங்காலம் நிலைப்பதில்லை. செல்லும் பூச்சியும் அதனை அரிக்கும். காலம் செல்லச் செல்ல விளிம்புகள் ஒடியும். நன்கு பேணப்பட்ட சுவடியும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. ஆகவே, ஒரு சுவடி நலிவதற்குள் அதைப் பார்த்து மற்றொரு சுவடி எழுதப்பட வேண்டும். அதுவும் நலிவதற்குள் மூன்றாவது சுவடி எழுதப்பட வேண்டும். சங்கப் பாடல்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பழமையானவை. அவற்றை முதன்முதலில் எழுதிய ஏடு ஒன்றுகூட இன்று இல்லை. ஆயினும் பாடல்கள் இருக்கின்றன. பெயர் தெரியாத எத்தனையோ ஏடெழுதுவோர், தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வந்ததே அதற்குக் காரணமாகும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அந்நூல் அத்துடன் மறைந்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சங்கிலி பல இடங்களில் அறும் நிலையில் இருந்தது. சுவடிகளைப் பேணிய குடும்பங்களில் கற்றவர் குறைந்தனர். பழைய நூல்களைப் பாடம் சொல்வோரும் அரிதாயினர். படிக்கத் தெரியாதவர் வீட்டில் சுவடி ஒரு பழைய பொருளாக மட்டுமே பரணில் கிடந்தது. இக்காலத்தில்தான் உ.வே.சாமிநாதர் பிறந்தார்.

இளமையும் கல்வியும்

தஞ்சை மண்ணைச் சேர்ந்த உத்தமதானபுரம் அவருடைய சொந்த ஊர். 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். தாயார் சரசுவதி அம்மையார். இசைநிகழ்ச்சிகளை நம்பி வாழ்ந்த குடும்பம் ஆதலால் ஊர் ஊராக இடம்பெயர வேண்டியிருந்தது. சென்ற இடங்களில் எல்லாம் தமிழ் கற்பிப்போரைத் தேடிச் சென்று இளைஞர் சாமிநாதர் பாடம் கேட்டார். மகனும் இசையைத் தொழிலாகக் கொள்ள வேண்டும் எனத் தந்தையார் விரும்பினார். மகனின் தமிழ் வேட்கையை அறிந்த பின்னர், அவரைத் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனாரிடம் சேர்த்தார்.

மீனாட்சிசுந்தரனார் விரைந்து பாடும் ஆற்றல் வாய்ந்தவர். அவர் செய்யுள்களைச் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவர். அக்காலத்தில் அச்சு நூல்கள் அரியனவாக இருந்தமையால், ஒரு நூலைக் கற்க விரும்பும் மாணவர் அதனை இரவல் பெற்றுத் தம் கையாலேயே படியெடுத்துக்கொள்வதும் வழக்கம். எழுதுவதற்கு ஒவ்வோர் எழுத்தையும் உற்றுநோக்க வேண்டும் ஆதலின், படியெடுத்தல் தானே ஒரு பாடமாக அமைந்தது. ஏடு படிப்பதிலும் எழுதுவதிலும் சாமிநாதர் பெற்ற இப்பயிற்சி பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1876ஆம் ஆண்டு ஆசிரியர் மறைந்தார். திருவாவடுதுறை மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் சாமிநாதர் தம் கல்வியைத் தொடர்ந்தார். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் பணி அவருக்குக் கிடைத்தது. அப்பணியில் இருந்து ஓய்வுபெற்ற தியாகராசர், தம் இடத்திற்கு அவரைப் பரிந்துரைத்தார். இருபத்தைந்து வயதில் நிலையான பணியும் புலமைப் புகழும் வாய்க்கப்பெற்ற சாமிநாதர், தாம் கற்க வேண்டியவற்றுள் பெரும்பகுதியைக் கற்றுவிட்டதாகவே கருதினார்.

வாழ்வை மாற்றிய வினா

அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில், கும்பகோணத்திற்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதர் சந்தித்தார். என்னென்ன நூல்களைக் கற்றிருக்கிறீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், உலாக்கள், கோவைகள், பிள்ளைத்தமிழ் நூல்கள், புராணங்கள் எனச் சாமிநாதர் நீண்ட பட்டியலைக் கூறினார். முதலியார் வியப்படையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைக் கற்றதுண்டோ என அடுத்து வினவினார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய நூற்பெயர்களையும் குறிப்பிட்டார். அந்நூல்களைத் தாம் கற்றதில்லை என்பதைச் சாமிநாதர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

முதலியார் தம்மிடம் இருந்த சீவக சிந்தாமணிப் படியைக் கொடுத்து அதனைப் படிக்கச் செய்தார். புலமைப் புகழ் வாய்ந்த சாமிநாதருக்கு அந்நூல் எளிதில் வழிவிடவில்லை. செய்யுளின் நடையும் நச்சினார்க்கினியரின் உரையும் புதிய உலகமாக இருந்தன. சமண சமயக் கருத்துகளை அறியாமல் நூலை உணர்வது இயலாது என்பதை உணர்ந்தார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்குச் சென்றார். அங்கே சிந்தாமணியைப் போற்றிப் படித்துவந்த அன்பர்களிடம் மாணவரைப்போல் அமர்ந்து ஐயம் தெளிந்தார். உரையில் மேற்கோளாக வரும் அடிகள் எந்தெந்த நூலுக்கு உரியவை என்பதும் தொடக்கத்தில் அவருக்குத் தெரியவில்லை. அவ்வினாவே அவரைத் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளுக்கும், அவற்றின் வழியே சங்க நூல்களுக்கும் அழைத்துச் சென்றது.

படியில் பிழை நுழையும் வழி

சிந்தாமணியை ஆராயத் தொடங்கியதும் மற்றொரு சிக்கல் தலைதூக்கியது. ஒரு சுவடியில் காணும் சொல் மற்றொரு சுவடியில் இல்லை. ஓரிடத்தில் ஒரு சொல் மிகுந்திருந்தது. மற்றோரிடத்தில் ஓர் அடியே விடுபட்டிருந்தது. செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் விளங்கவில்லை.

இதற்குப் பனையோலை எழுத்துமுறை ஒரு காரணமாகும். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏட்டில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ‘பொன்’, ‘போன்’, ‘போன’ ஆகிய மூன்றும் ஏட்டில் ஒரே வடிவம் பெறும். சொற்களுக்கு இடையே இடைவெளியும் இராது. பொருள் உணர்ந்தவரே அதனைப் பிரித்துப் படிக்க இயலும்.

ஏடெழுதுவோரின் கண்ணும் கையும் மற்றொரு காரணமாகும். ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு அடிகள் அடுத்தடுத்து வந்தால், முதலடியை எழுதி நிமிர்ந்த கண் இரண்டாம் அடியைத் தாண்டிச் சென்றுவிடும். பழஞ்சொல்லின் பொருள் விளங்காதபோது, எழுதுபவர் தமக்குத் தெரிந்த சொல்லாக அதனைத் திருத்திவிடுவார். அடுத்துப் படியெடுப்பவர் அப்பிழையையும் சேர்த்தே எழுதுவார். இவ்வாறு நூலைக் காக்கும் படியெடுப்பே அந்நூலைச் சிறிது சிறிதாக மாற்றவும் செய்கிறது. படியெடுக்காவிட்டால் நூல் அழியும். படியெடுத்தால் பிழை சேரும். இவ்விரண்டுக்கும் இடையில்தான் சாமிநாதரின் பணி அமைந்தது.

ஒப்புநோக்கும் முறை

ஒரு நூலுக்கு ஒரே ஒரு சுவடி மட்டும் இருந்தால், அதில் உள்ள பிழையைப் பிழை என்று உறுதி செய்வது கடினம். இரண்டு சுவடிகள் இருந்தால் அவை எங்கே மாறுபடுகின்றன என்பது தெரியும். பல சுவடிகள் இருந்தால் எந்தப் பாடம் பொருந்தும் என்று முடிவு செய்யவும் இயலும். இவ்வுண்மையைச் சாமிநாதர் தம் பதிப்புப் பணியின் அடித்தளமாகக் கொண்டார். இயன்றவரை மிகுதியான சுவடிகளைத் திரட்டினார். ஒருவர் ஒரு சுவடியை உரக்கப் படிப்பார். மற்றவர் தத்தம் கையில் உள்ள சுவடியைப் பார்த்து வேறுபாடுகளைக் கூறுவர். அவை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளப்படும். திருமானூர்க் கிருஷ்ணையர் முதலிய அன்பர்கள் இப்பணியில் அவருக்கு உறுதுணையாக இருந்தனர்.

பெரும்பாலான சுவடிகள் கூறுவதே சரி என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. யாப்பு இடந்தருகிறதா, பொருள் பொருந்துகிறதா, பழைய உரையாசிரியர் எந்தப் பாடத்தைக் கொண்டு உரை எழுதினார், பிற நூல்களில் அவ்வடி எவ்வாறு மேற்கோளாக ஆளப்பட்டுள்ளது என்பனவற்றை எல்லாம் சீர்தூக்கினார். அதன் பின்னரே ஒரு பாடத்தைத் தேர்ந்தார். தாம் தேராத பாடங்களையும் மறைத்துவிடவில்லை. அவற்றை அடிக்குறிப்பில் தந்தார். தம் முடிவு தவறாக இருந்தால் பின்வருவோர் திருத்திக்கொள்ள அது வாய்ப்பளித்தது.

தெரிந்து தெளிவோம்

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் நெடிய மூலக்கூறு உள்ளது. நான்கே வகை வேதி எழுத்துகளால் அமைந்த நூல் என அதனைக் கருதலாம். மனித உயிரணுவில் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 300 கோடி இணை எழுத்துகள் உள்ளன. உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன்னர் இந்நூல் முழுவதும் படியெடுக்கப்படுகிறது. அப்போது பிழைகள் நேர்கின்றன. டி.என்.ஏ. இரட்டை இழையாக இருப்பதால், ஓர் இழையில் உள்ள சேதத்தை மற்றோர் இழையைப் பார்த்து உயிரணு சரிசெய்கிறது. இத்திருத்தங்களுக்குப் பின் எஞ்சும் பிழை, நூறு கோடி எழுத்துகளுக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எஞ்சிய பிழைகளுள் சில நோயைத் தருகின்றன. பல, விளைவு ஏதுமின்றிக் கழிகின்றன. சில, உயிர்கள் புதிய சூழலுக்கேற்ப மாறுவதற்கு உதவுகின்றன.

கணினியில் எழுத்தும் படமும் ஒலியும் 0, 1 என்னும் இரண்டு குறிகளின் வரிசையாகவே சேமிக்கப்படுகின்றன. ஒரு கோப்பை அனுப்பும்போது, அதன் குறிகளைக் கொண்டு கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணும் உடன் அனுப்பப்படுகிறது. பெறும் கணினி அதே கணக்கைத் தானும் செய்து பார்க்கிறது. இரண்டு எண்களும் மாறுபட்டால் வழியில் பிழை நேர்ந்தது என்பதை அறிந்து, மீண்டும் அனுப்புமாறு கேட்கிறது.

சான்றிதழ் நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அலுவலர் சான்றொப்பம் இடுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஏட்டிலும் உயிரணுவிலும் கணினியிலும் அலுவலகத்திலும் படியின் நம்பகத்தன்மை ஒப்புநோக்கலால்தான் உறுதிப்படுகிறது.

தேடலும் இழப்பும்

ஒப்பிடுவதற்குச் சுவடிகள் வேண்டும். அவற்றைத் தேடிச் சாமிநாதர் ஊர் ஊராகச் சென்றார். கல்லூரி விடுமுறை நாள்கள் அவருக்கு ஓய்வு நாள்களாக இருக்கவில்லை. புகைவண்டியிலும் மாட்டுவண்டியிலும் நடந்தும் பயணம் செய்தார். மடங்கள், கோயில்கள், கவிராயர்களின் இல்லங்கள், பழைய குடும்பங்களின் பரண்கள் என எவ்விடத்தையும் விட்டுவைக்கவில்லை.

எல்லா இடங்களிலும் வரவேற்புக் கிடைக்கவில்லை. சிலர் சுவடியை வழிபாட்டுப் பொருளாகப் பெட்டியில் பூட்டி வைத்துத் தொடவும் விடவில்லை. சிலர் இன்று நாளை என்று அலைக்கழித்தனர். ஆழ்வார்திருநகரியில் ஒரு கவிராயர் வீட்டுச் சுவடிகளை எல்லாம் புரட்டியும் தாம் நாடிவந்த பத்துப்பாட்டைக் காணாமல் அவர் மனம் சோர்ந்தார். பின்னர் அக்கவிராயரின் உறவினர் வீட்டிலிருந்து அச்சுவடி கிடைத்தபோது அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

சில இடங்களுக்கு அவர் காலம் தாழ்ந்தே சென்று சேர்ந்தார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியர் தொகுத்து வைத்திருந்த சுவடிகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஆவலோடு சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டுவிட்டதாக அங்கிருந்தோர் கூறினர். மற்றோரிடத்தில், வீட்டில் இருந்த பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கு நாளில் ஆற்றில் விட்டுவிட்டதாக அறிந்தார். செய்தவர்கள் தீய நோக்கம் உடையவர்கள் அல்லர். சிதைந்த ஏட்டைக் குப்பையில் எறியாமல் நெருப்புக்கோ நீருக்கோ அளிப்பது மரியாதை என்றே கருதினர். ஆனால், அவ்வாறு அளிப்பதற்கு முன் புதிய படி எழுதிவைக்க வேண்டும் என்னும் பழைய நெறியின் பாதி மறக்கப்பட்டிருந்தது. தீயிலிட்ட சுவடியில் என்ன நூல் இருந்தது என்பதைக்கூட எவராலும் கூற இயலவில்லை. இச்செய்திகள் சாமிநாதரை நெடுநாள் வருத்தின. ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு நூலின் கடைசிப் படி அழிந்துகொண்டிருக்கக்கூடும் என்னும் அச்சமே அவரை ஓயாது உழைக்கச் செய்தது.

விடுபட்ட அடிகள்

பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும்போது குறிஞ்சிப்பாட்டில் ஓர் இடர் நேர்ந்தது. கபிலர் 99 மலர்களை வரிசைப்படுத்திப் பாடிய பகுதி, அப்பாட்டின் சிறப்பான இடமாகும். அப்பகுதியில் சில அடிகள் விடுபட்டிருந்தன. அவர் கையிலிருந்த சுவடிகளில் அக்குறை நீங்கவில்லை.

படியெடுத்தல் பற்றிய ஒரு நுட்பமான உண்மை இங்குப் புலப்படுகிறது. ஒரே தாய்ச்சுவடியைப் பார்த்து எழுதப்பட்ட படிகள் பத்து இருப்பினும் நூறு இருப்பினும், தாய்ச்சுவடியின் குறை அவை அனைத்திலும் இருக்கும். எண்ணிக்கையில் பலவாக இருந்தாலும் சான்று என்னும் வகையில் அவை ஒன்றே. அக்குறையை நீக்க, அக்கிளையைச் சாராத வேறொரு வழியில் வந்த சுவடி வேண்டும். ஒரே பிழையைக் கொண்டு சுவடிகளின் உறவை அறிவதுபோலவே, ஒரே மரபணு மாற்றத்தைக் கொண்டு உயிரினங்களின் உறவை இன்றைய உயிரியலாளர் அறிகின்றனர்.

சாமிநாதர் முயற்சியைக் கைவிடவில்லை. தருமபுர ஆதீனத்துச் சுவடிகளை ஆராய்ந்தபோது, விடுபட்ட அம்மலர்ப்பெயர்கள் அடங்கிய அடிகளைக் கண்டெடுத்தார். பலர் பெருமதிப்புத் தராமல் விட்டிருந்த ஏடுகளுக்கு இடையே அவை இருந்தன. மலர்வரிசை நிறைவு பெற்றது. இன்று வகுப்பறையில் குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பெயர்களை முழுமையாகச் சொல்லிப் பழகும் மாணவர், அத்தேடலின் பயனையே நுகர்கின்றனர்.

மீளாதவை

எல்லாக் குறைகளும் இவ்வாறு நிறைவுறவில்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பின்வரும் பாடல்கள் பலவும் சிதைவுடன் உள்ளன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் இல்லை. எழுபது பாடல்கள் கொண்டிருந்த பரிபாடலில் 22 பாடல்களே முழுமையாகக் கிடைத்தன. பெருங்கதையின் முதலும் முடிவும் மறைந்தன. இந்நூல்கள் அனைத்தையும் பதிப்பித்த சாமிநாதர், கிடைக்காத இடங்களைத் தாமே பாடி நிரப்பவில்லை. செய்யுள் இயற்றும் ஆற்றல் அவருக்குக் குறைவின்றி இருந்தது. ஆயினும், மகாவித்துவானின் மாணவராகிய அவர், சிதைந்த இடத்தைச் சிதைந்த இடமாகவே புள்ளியிட்டுக் காட்டினார். இல்லாததை இல்லை என்று காட்டுவதும் உண்மையான படியின் இலக்கணம் என அவர் கருதினார். அந்நேர்மையே அவர் பதிப்புகளுக்கு நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது.

அச்சேறிய நூல்கள்

1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது. அச்சுச் செலவைத் தாங்கும் செல்வம் சாமிநாதரிடம் இல்லை. நூலை வாங்க இசைந்தோரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றும், அன்பர்களின் உதவியை நாடியும், கடன்பட்டும் பதிப்பித்தார். விடுமுறை நாள்களில் சென்னைக்குச் சென்று அச்சுப்படிகளைத் திருத்தினார். ஓலையில் நேரும் பிழை ஒரு சுவடியைச் சாரும்; அச்சில் நேரும் பிழை எல்லாப் படிகளிலும் ஒரே நேரத்தில் புகுந்துவிடும். ஆதலால் ஒவ்வோர் அச்சுப்படியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பலமுறை திருத்திய பின்னரே அச்சிட ஒப்பினார்.

1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என நூல்கள் தொடர்ந்தன. ஐங்குறுநூறும் பதிற்றுப்பத்தும் 1903, 1904ஆம் ஆண்டுகளிலும், பரிபாடல் 1918ஆம் ஆண்டிலும் வந்தன. குறுந்தொகையைத் தம் எண்பத்திரண்டாம் வயதில், 1937ஆம் ஆண்டு வெளியிட்டார். நூலாசிரியர் வரலாறு, உரையாசிரியர் வரலாறு, அரும்பத அகராதி, பாடவேறுபாடுகள் ஆகியவற்றுடன் அவர் பதிப்புகள் அமைந்தன. ஆறுமுக நாவலரும் சி.வை.தாமோதரனாரும் தொடங்கிவைத்த பதிப்புப் பணி அவரால் பெரும்பரப்பை எட்டியது.

ஒரு மடத்திலும் ஒரு வீட்டிலும் அடைபட்டிருந்த நூல், அச்சேறியதும் விரும்பிய எவர்க்கும் கிட்டியது. ஒருவர் வீட்டில் தீப்பற்றினாலும், ஓர் ஊரில் வெள்ளம் புகுந்தாலும், வேறிடங்களில் உள்ள படிகள் அந்நூலைக் காக்கும். இன்று கணினியில் உள்ள தரவைப் பல இடங்களில் படியெடுத்து வைக்குமாறு வல்லுநர்கள் அறிவுறுத்துவதும் இக்காரணத்திற்காகவே. இதனினும் பெரிய பயனும் உண்டு. சங்க இலக்கியம் பலர் கைக்கு வந்தபின், தமிழரின் தொன்மையையும் வாழ்வியலையும் பற்றிய ஆராய்ச்சி புதிய வலிமை பெற்றது. அறிஞர் சிலரே அறிந்திருந்த பாடல்கள் பள்ளிக் குழந்தைகளின் பாடங்களாயின.

நிறைவாழ்வு

கும்பகோணத்தில் இருபத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றிய சாமிநாதர், 1903ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று 1919ஆம் ஆண்டுவரை அங்குக் கற்பித்தார். ஆங்கிலேய அரசு 1906ஆம் ஆண்டு மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் வழங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1932ஆம் ஆண்டு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. தமிழுலகம் அவரைத் தமிழ்த்தாத்தா என அன்புடன் அழைத்தது. திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு, தமக்குப் பணி வாங்கித் தந்த தியாகராசரின் நினைவாகத் தியாகராச விலாசம் எனப் பெயரிட்டார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரனாரின் வரலாற்றை விரிவாக எழுதினார். தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடன் இதழில் 1940ஆம் ஆண்டு முதல் தொடராக எழுதி வந்தார். அது நிறைவுறுவதற்கு முன்னரே அவர் காலம் முடிந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது சென்னை தாக்கப்படலாம் என்னும் அச்சம் எழுந்தது. மக்கள் பலர் நகரை விட்டு வெளியேறினர். முதுமையுற்றிருந்த சாமிநாதரும் திருக்கழுக்குன்றத்திற்கு இடம்பெயர்ந்தார். அங்கே 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இயற்கை எய்தினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளைத் திரட்டியும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நூல்களைப் பதிப்பித்தும் எழுதியும் விட்டுச் சென்றார். அவர் தொகுத்த செல்வத்தைக் காப்பதற்காக 1943ஆம் ஆண்டு டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூலகம் நிறுவப்பட்டது. சென்னை பெசன்ட் நகரில் அந்நூலகம் இன்றும் இயங்கி வருகிறது.

ஓலையிலிருந்து தாளுக்கு வந்த நூல்கள் இன்று மின்வடிவம் பெறுகின்றன. 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வருகின்றன. புறநானூறு முழுவதையும் ஒரு நொடியில் படியெடுத்து உலகின் மறுமுனைக்கு அனுப்ப இன்று இயலும். எனினும், ஓலையைப் பார்த்துத் தட்டச்சு செய்பவரின் கண்ணும் தவறலாம். ஒருவர் ஏற்றிய பிழை ஆயிரம் தளங்களில் பரவவும் கூடும். படியெடுப்பது எளிதாகிவிட்டது. எடுத்த படியை மூலத்தோடு வைத்துப் பார்க்கும் பொறுமை மட்டும் எந்தக் கருவியாலும் எளிதாகவில்லை. உ.வே.சாமிநாதர் அறுபது ஆண்டுகள் மேற்கொண்டிருந்த பணி அதுவே. அப்பணி இன்னும் முடிந்துவிடவில்லை. திறக்கப்படாத சுவடிகள் நூலகங்களிலும் வீடுகளிலும் இன்றும் உள்ளன; அவற்றைப் படிக்கக் கற்போருக்காகக் காத்திருக்கின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ உறவினர் வீட்டிலோ பனையோலைச் சுவடி, பழைய கையெழுத்துப் படி, பழைய கணக்கேடு ஆகியவற்றுள் ஏதேனும் உள்ளதா எனக் கேட்டறிந்து குறிப்பு எழுதுக.

2. பத்து வரிகள் கொண்ட ஓர் உரைப்பகுதியை ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதுமாறு மாணவர் எண்மர் வரிசையாகப் படியெடுக்க. எட்டாம் படியை மூலத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பிழை எவர் படியில் நுழைந்தது எனக் கண்டறிக.

3. கிடைக்காத இடத்தைத் தாமே பாடி நிரப்பாமல், சிதைவைச் சிதைவாகவே காட்டிய உ.வே.சாமிநாதரின் பதிப்பு நேர்மை, செய்திகளைப் பகிரும் இன்றைய தலைமுறைக்கு எவ்வாறு பொருந்தும்? வகுப்பில் கலந்துரையாடுக.